1701 போதுமா? நாலு சேனல் ஆம்ப்புக்கு டிஎஸ்பி க்ராஸ்ஓவர் தேர்வு

ஈரோட்டு வாசகர் ஒருவரின் கேள்வி: "6.5 இன்ச் வூஃபர், 1 இன்ச் சில்க் டோம் ட்வீட்டர் போட்டு இரண்டு பெட்டி செய்திருக்கிறேன். 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸில் இரண்டு டிபிஏ3116 போர்டு, மொத்தம் நாலு சேனல். பெட்டிக்குள் இருக்கும் பாஸிவ் க்ராஸ்ஓவரைக் கழற்றிவிட்டு டிஎஸ்பி வைக்க ஆசை. ஏடிஏயு1701 பழசு, 48 கிலோஹெர்ட்ஸ்தான், 1452 வாங்கு என்கிறார்கள். மினிடிஎஸ்பி என்கிறார் ஒருவர், ராஸ்பெர்ரி பை என்கிறார் இன்னொருவர். டிவியும் போனும்தான் சோர்ஸ். எதை வாங்கலாம் சார்?"

க்ராஸ்ஓவர் என்பது பேஸை வூஃபருக்கும் மேல் ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுப்பது, டிஎஸ்பி அதையே டிஜிட்டலாகக் கணக்குப் போட்டுச் செய்யும் சிப். 1701, 1452 இரண்டும் அப்படிப்பட்ட சிப்புகள், மினிடிஎஸ்பி தயார் பெட்டி, டிபிஏ3116 ஆம்ப் சிப். டிவியில் ஹெட்போன் ஜாக்கோ ஆர்சிஏ அவுட்டோ இருந்தால் 1701 தாராளமாகப் போதும். 48 கிலோஹெர்ட்ஸில் ஓடும் சிப் 20 கிலோஹெர்ட்ஸ் வரை குறையில்லாமல் கொடுத்துவிடும், அதற்கு மேல் நம் காதுக்கு வேலை இல்லை. ஒரு சாம்பிளுக்கு 1024 கட்டளைகள் அதன் கொள்ளளவு. ஸ்டீரியோ டூ-வே க்ராஸ்ஓவரும் சேனலுக்கு ஐந்தாறு ஈக்யூவும் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைத் திருத்துவது) சேர்ந்தாலும் அதில் பாதியைத் தாண்டாது.

அது தடுமாறுவது உள்ளே நுழையும் இடத்தில்தான். ஆப்டிகலை நேரடியாக வாங்கும் வசதி அந்தச் சிப்பில் இல்லை. உங்கள் டிவியில் ஆப்டிகல் மட்டும்தான் என்றால் நடுவில் ஒரு டாக் பெட்டி வைத்து, டிஜிட்டலை அனலாக்காக்கி, மறுபடி டிஜிட்டலாக்கி, திரும்பவும் அனலாக்காக்க வேண்டும். அதற்கு 1452 போர்டோ மினிடிஎஸ்பி 2×4 எச்டியோ வாங்குவது மேல். 1452 சிப்புக்குள் ஏடிசி (அனலாக்கை டிஜிட்டலாக்குவது), டிஏசி (டிஜிட்டலை அனலாக்காக்கும் டாக்) எதுவும் கிடையாது. போர்டில் அதற்கென்று எந்தச் சிப் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். 2×4 எச்டியில் ஆப்டிகல், யுஎஸ்பி, அனலாக் மூன்றும் உண்டு, சாலிடரிங் வேலையும் இல்லை, விலைதான் உறைக்கும்.

ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் டிஎஸ்பி வேலை செய்ய கமில்லாடிஎஸ்பி அருமையான மென்பொருள். ஆனால் நாலு அவுட்டும் ஒரே க்ளாக்கில் ஓட வேண்டும். இரண்டு யுஎஸ்பி டாக்கைச் செருகினால் இரண்டும் மெல்ல மெல்ல விலகிப் போகும். மல்டிசேனல் கார்டு வேண்டும், டிவி ஒலியை உள்ளே எடுக்க இன்னொரு ஏற்பாடு வேண்டும். வீட்டில் மற்றவர்களும் ரிமோட்டை அமுக்கிச் சீரியல் பார்க்கும் டிவிக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். நீண்ட எஃப்ஐஆர் ஃபில்டரும் (ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஆயிரக்கணக்கான 'டேப்' பெருக்கல்களைச் செய்யும் வகை) இப்போது வேண்டாம். 96 கிலோஹெர்ட்ஸில் 4096 டேப் லீனியர் ஃபேஸ் போட்டால் 21 மில்லிசெகண்ட் தாமதம், டூ-வே பெட்டிக்கு அதில் பெரிய லாபமும் இல்லை.

சரி, எந்த போர்டு வாங்கினாலும் ட்வீட்டரில் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் வருவதாக எல்லோரும் புலம்புவார்கள். பெரும்பாலும் அது கெயின் விவகாரம், அதாவது ஆம்ப் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது. உங்கள் டிபிஏ3116-இல் 20, 26, 32, 36 டெசிபல் என்று நாலு கெயின் உண்டு, போர்டில் உள்ள இரண்டு ரெசிஸ்டர்கள்தான் அதைத் தீர்மானிக்கின்றன. 24 வோல்ட்டில் அந்த ஆம்ப்பால் அதிகபட்சம் 16 வோல்ட் ஆர்எம்எஸ் அளவுக்குத்தான் கொடுக்க முடியும். 1701-இன் முழு அவுட்புட் 0.9 வோல்ட். 26 டெசிபல் என்றால் 20 மடங்கு, 18 வோல்ட் ஆகிறது, கச்சிதம். 36-இல் வைத்தால் 0.25 வோல்ட்டிலேயே ஆம்ப் திணறிவிடும், மிச்ச 11 டெசிபல் வீண், டிஎஸ்பியின் இரைச்சல் மட்டும் 10 டெசிபல் ஏறிவிடும். 2 வோல்ட் கொடுக்கும் 2×4 எச்டியை அப்படியே இணைத்தாலும் இதே கதைதான். சில போர்டுகளில் டிபிஏ சிப்புக்கு முன்னால் ஒரு ஆப்-ஆம்ப் ப்ரீ-ஆம்ப்பும் இருக்கும். அதை பைபாஸ் செய்துவிடுங்கள்.

ட்வீட்டர் வூஃபரைவிட ஐந்தாறு டெசிபல் சத்தமாக இருப்பது வழக்கம். அதை சாஃப்ட்வேரில் குறைத்தால் பாட்டு குறையும், டிஏசியின் இரைச்சல் குறையாது. டிஎஸ்பிக்கும் ட்வீட்டர் ஆம்ப்புக்கும் நடுவில் இரண்டு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள், ஒன்று சீரிஸில், மற்றது கிரவுண்டுக்கு. 6, 7 டெசிபல் குறையும், இரைச்சலும் கூடவே இறங்கும். டிஎஸ்பிக்கும் ஆம்ப்புக்கும் ஒரே எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து சப்ளை எடுத்துக் கீச்சென்ற சத்தம் வந்தால், டிஎஸ்பிக்குத் தனி 5 வோல்ட் அடாப்டர் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் க்ராஸ்ஓவர். ஹ்யூலட்-பேக்கர்டு பொறியாளர்கள் லிங்க்விட்ஸும் ரைலியும் 1976-இல் முன்வைத்த முறையைத்தான் இன்றும் எல்லோரும் பிடித்திருக்கிறோம். ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவைக்கும்) 24 டெசிபல் சரிவு, சந்திக்கும் இடத்தில் இரண்டும் 6 டெசிபல் குறைந்து, கூட்டினால் சமமாக நிற்கும். 6.5 இன்ச் வூஃபர் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை முன்பக்கமாகக் குவிக்க ஆரம்பித்துவிடும். ட்வீட்டரின் ரெசனன்ஸைப்போல் (அது தானாகவே அதிரும் ஹெர்ட்ஸைப்போல்) இரண்டு மடங்குக்குக் கீழே இறங்காமல், 2 முதல் 2.5 கிலோஹெர்ட்ஸுக்குள் வையுங்கள்.

ஆனால் திரையில் வரையும் சரிவு மின்சாரச் சரிவு மட்டும்தான். ட்வீட்டருக்கும் வூஃபருக்கும் சொந்தச் சரிவு உண்டு, பெட்டி முகப்பின் விளைவும் உண்டு. எல்லாம் சேர்ந்த ஒலி அந்த வளைவில் உட்கார வேண்டும், அதை அளந்தால்தான் தெரியும். 1452-க்கு ஒதுக்கிய பணத்தில் காலிப்ரேஷன் ஃபைலோடு வரும் ஒரு மைக் வாங்குங்கள். அளக்கும் மென்பொருளான ரூம் ஈக்யூ விசார்ட் இலவசம். ராத்திரி மொட்டை மாடியில், ட்வீட்டர் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி பெட்டியை ஸ்டூலில் ஏற்றி, மைக்கை அதே உயரத்தில் 1 மீட்டர் தள்ளி வையுங்கள். தரையில் பட்டு வரும் ஒலி நாலரை மில்லிசெகண்டுக்குப் பிறகுதான் வந்து சேரும், அதற்கு முன் வெட்டிக்கொண்டால் 250 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள அளவை நம்பலாம்.

டிலேயும் (ட்வீட்டர் ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்துவதும்) அப்படித்தான். வூஃபரின் ஒலி மையம் ட்வீட்டரைவிடச் சற்றுப் பின்னால் இருக்கும். 2.5 சென்டிமீட்டர் என்றால் 73 மைக்ரோசெகண்ட், 48 கிலோஹெர்ட்ஸில் மூன்றரை சாம்பிள். ட்வீட்டரின் போலாரிட்டியை (ப்ளஸ், மைனஸை) வேண்டுமென்றே மாற்றி, 2 சாம்பிள், 3 சாம்பிள், 4 சாம்பிள் என்று ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். க்ராஸ்ஓவர் இடத்தில் பள்ளம் எதில் ஆழமாக, இரு பக்கமும் ஒத்து விழுகிறதோ அதை வைத்துக்கொண்டு போலாரிட்டியைப் பழையபடி திருப்புங்கள். அரை சாம்பிள் முன்னே பின்னே இருந்தால் 2.5 கிலோஹெர்ட்ஸில் 10 டிகிரிகூட வராது, விட்டுத்தள்ளலாம்.

இதெல்லாம் செய்வதற்கு முன் ட்வீட்டரைக் காப்பாற்ற வேண்டும். பாஸிவ் க்ராஸ்ஓவரைக் கழற்றியதும் அதற்கு வேலி எதுவும் இல்லை. டிஎஸ்பி ஆன் ஆகும்போது வரும் 'டப்', தப்பாக இணைத்த சேனல், ஒரு தடவை போதும், டோம் போய்விடும். ட்வீட்டரோடு சீரிஸில் ஒரு 22 மைக்ரோஃபாரட் பிலிம் கெபாசிட்டரை நிரந்தரமாக விட்டுவிடுங்கள். 8 ஓமில் அது 900 ஹெர்ட்ஸ் பக்கம்தான் வெட்டும், உங்கள் க்ராஸ்ஓவரைப் பெரிதாகக் கெடுக்காது, அளக்கும்போது அதையும் சேர்த்தே அளங்கள். முதல் தடவை ஆன் செய்யும்போது ட்வீட்டர் இடத்தில் வீட்டில் கிடக்கும் பழைய ஸ்பீக்கரை மாட்டி, அந்தச் சேனலில் பேஸ் வரவில்லை என்று உறுதி செய்யுங்கள். 1701, 1452 சிப்புகளுக்கு ஃபில்டர் அமைக்கும் மென்பொருளான சிக்மா ஸ்டுடியோ விண்டோஸில் மட்டுமே ஓடும். அதில் செய்ததை போர்டின் ஈஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவுச் சிப்பில்) எழுதிய பிறகு, கம்ப்யூட்டர் கேபிளைக் கழற்றி, சப்ளையை ஆஃப் செய்து ஆன் செய்து, ஃபில்டர் அப்படியே இருக்கிறதா என்று அதே பழைய ஸ்பீக்கரில் இன்னொரு தடவை கேட்டுவிட்டு ட்வீட்டரை மாட்டுங்கள்.