நீச்சல் தெரியாத காக்ஸ்வைன்

கே: கடல் மீட்புப் படகு என்றாலே இங்கிலாந்தில் க்ரோமர் என்ற ஊரைச் சொல்கிறார்களே, அப்படி என்ன விசேஷம்?

ப: நார்ஃபோக் கரையில் இருக்கிற சின்ன ஊர், நண்டுக்குப் பேர்போனது. 1804-லேயே அங்கே மீட்புப் படகு வந்துவிட்டது. நாடு முழுக்க இந்த வேலையைப் பார்க்கிற தொண்டு நிறுவனமே 1824-ல்தான் பிறந்தது. ஊர்க்காரர்கள் இவ்வளவு அவசரப்பட்டதற்குக் காரணம் கடலுக்குள் இருக்கும் மணல்திட்டுகள். ஹேஸ்பரோ திட்டு எத்தனையோ கப்பல்களை விழுங்கியிருக்கிறது.

ஆனால் க்ரோமருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஹென்றி ப்ளாக் என்ற ஆள். 1894-ல் பதினெட்டு வயதில் படகில் ஏறியவர், 1909-ல் காக்ஸ்வைன் ஆனார், அதாவது சுக்கான் பிடித்துப் படகை நடத்துகிறவர். 1947-ல் இறங்கும்போது 71 வயது. 387 முறை போய் 873 உயிர்களை மீட்டிருக்கிறார்கள். இது அவருக்கு உத்தியோகம் இல்லை, பிழைப்பு நண்டு பிடிப்பதுதான்.

கே: எஞ்சின் இல்லாத காலத்தில் புயலில் எப்படிப் போனார்கள்?

ப: துடுப்புதான், வேறென்ன! 1917 ஜனவரி 9-ஆம் தேதியைக் கேளுங்கள். இளவட்டங்கள் எல்லாம் போருக்குப் போய்விட, படகில் இருந்தவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒரு கிரேக்கக் கப்பலிலிருந்து 16 பேரை இறக்கிவிட்டு மூச்சு வாங்குவதற்குள், ஃபெர்னெபோ என்ற ஸ்வீடன் கப்பல் கண்ணிவெடியில் இரண்டாகப் பிளந்துவிட்டது. உடனே கிளம்பினார்கள், அலை கரைக்கே தள்ளியது. இருட்டில் மறுபடி போனார்கள், துடுப்புகள் ஒடிந்தும் அடித்துக்கொண்டும் போய்விட்டன. திரும்பி வந்து, வேறு துடுப்புகளை எடுத்துக்கொண்டு மூன்றாம் தடவை போய் 11 பேரைக் கொண்டுவந்தார்கள். எனக்கு அந்த மூன்றாம் தடவைதான் புரியவே மாட்டேன் என்கிறது.

அன்றைக்கு அவர்களைப் படுத்தியது நடுக்கடலைவிடக் கரையோர அலை. 1923-ல் கடல்பாலத்தின் நுனியிலேயே படகுக் கொட்டகை கட்டி, சறுக்குப் பாதை போட்டு, மோட்டார் படகும் கொண்டுவந்த பிறகு அந்தத் தொல்லை விட்டது. கரையலையைத் தாண்டி நேராக ஆழத்தில் இறங்கிவிடலாம் இல்லையா?

கே: ப்ளாக்குக்கு நீச்சல் தெரியாது என்கிறார்களே, கதைதானே?

ப: கதை இல்லை, தெரியாது என்றுதான் சொல்கிறார்கள். அப்போதைய மீனவர்கள் பலருக்கும் அப்படித்தான். 1941 ஆகஸ்டில் ஹேஸ்பரோ திட்டில் ஒரே நேரத்தில் ஆறு கப்பல்கள் தட்டி நின்றபோது, மூழ்கிக் கிடந்த கப்பலின் தளத்து மேலேயே படகை ஓட்டி ஆட்களை ஏற்றினாராம். அன்று க்ரோமர் படகு மட்டும் 88 பேரை மீட்டது. அதே வருஷம் அக்டோபரில் ஓர் அலை அவரையும் இன்னும் நான்கு பேரையும் படகிலிருந்து வாரிக்கொண்டு போய்விட்டது. எல்லோரையும் தூக்கிவிட்டார்கள், ஆனால் ஒருவர் பிழைக்கவில்லை. அப்போது ப்ளாக்குக்கு வயது 65!

நீச்சல் தெரியாதவரை மிதக்க வைத்தது உயிர்காப்பு உடுப்பு. முதலில் தக்கை வைத்துத் தைத்தார்கள், கனம் ஜாஸ்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்குள் கபோக் அடைக்க ஆரம்பித்தார்கள். கபோக் என்றால் வேறொன்றும் இல்லை, நம் தலையணையில் இருக்கிற இலவம் பஞ்சுதான்.