அரக்குப் பெட்டி ஏன் காவியாகிறது?

கேள்வி: காரைக்குடியில் பலகாரம் செய்து விற்கிறோம். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை எல்லாவற்றுக்கும் ஒரே அட்டைப்பெட்டிதான். பெயரை மட்டும் ஸ்டிக்கராக ஒட்டுவோம். பெட்டியின் நிறம் எங்கள் ஆச்சியின் கண்டாங்கிச் சேலையில் இருக்கும் அரக்கு. சிவகாசியில் அச்சடிக்கிறோம். முதல் தடவை பிரமாதமாக வந்தது. அடுத்த தடவை காவி அடித்தது. இப்போது பீட்ரூட் மாதிரி வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கையில் இருந்த பெட்டியைக் கொடுத்துத்தான் அடிக்கச் சொன்னோம். எங்கே தவறு?

பதில்: சேலையிலிருந்தே தொடங்குகிறேன். நூலில் ஏறிய சாயமும் அட்டையில் ஏறிய மையும் வெவ்வேறு பொருள்கள். ட்யூப்லைட்டில் ஒன்றாகத் தெரிகிற இரண்டும் வெயிலுக்கு வந்தால் பிரிந்துவிடும். பிளவுஸ் துணி எடுக்கும்போது கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறோமே, அதே சங்கதிதான். எனவே சேலையை முன்மாதிரியாகக் கொடுக்காதீர்கள். பழைய பெட்டியும் வேண்டாம். அலமாரியில் வெளிச்சம் பட்டு வெளுத்திருக்கும்; இரண்டாவதைப் பார்த்து மூன்றாவது, மூன்றாவதைப் பார்த்து நான்காவது என்று நிறம் நகர்ந்துகொண்டே போகும்.

அடுத்தது, உங்கள் அரக்கை எப்படி அடிக்கிறார்கள் என்று கேளுங்கள். அநேகமாக நாலு கலரில் கலந்துதான் அடித்திருப்பார்கள். மெஜந்தா என்கிற ரோஸ் மையும் மஞ்சளும் நிறைய, கூடவே கொஞ்சம் சயான் என்கிற நீல மையும் கறுப்பும். அரக்கு மாதிரி அடர்ந்த நிறத்துக்கு இது ஆபத்து. மஞ்சள் ஒரு பிடி கூடினால் காவி, மெஜந்தா கூடினால் பீட்ரூட். செலவைக் குறைக்கப் பல பேர் வேலையை ஒரே ஷீட்டில் சேர்த்து அடிக்கும்போது நிலைமை இன்னும் மோசம். உங்கள் பெட்டிக்கு மேலேயோ கீழேயோ மாம்பழப் படம் ஒன்று இருந்தால், அதற்காக அந்தப் பட்டையில் மஞ்சளைத் திறந்துவிடுவார் மெஷின்காரர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

பெட்டியின் பெரும்பகுதி ஒரே நிறம் என்றால் அதைத் தனி மையாக, அதாவது ஸ்பெஷல் கலராக அடியுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் போட்டுக் காட்டும் பான்டோன் புத்தகத்தில் உங்கள் அரக்குக்கு மிக நெருங்கிய எண்ணைக் குறித்துக் கொடுங்கள். எண்ணோடு ‘சி’ என்றிருந்தால் பூச்சுள்ள தாள், ‘யு’ என்றால் பூச்சில்லாத தாள். வெள்ளைப் பூச்சுள்ள டூப்ளெக்ஸ் அட்டைக்கு ‘சி’ பார்க்க வேண்டும். தனி பிளேட், தனி மை, கொஞ்சம் கூடுதல் செலவுதான். ஆனால் உங்கள் வேலைக்கு இது ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும் என்பது என் எண்ணம்.

மீதிப் பாதி அட்டையிலும் லேமினேஷனிலும் இருக்கிறது. அட்டையின் வெண்மை மாறினால், மை அதேதான் என்றாலும் நிறம் மாறும். ஆகவே அட்டையின் வகையையும் ஜிஎஸ்எம்மையும் (ஒரு சதுர மீட்டர் அட்டையின் எடை கிராமில்) மட்டுமல்ல, எந்த மில் அட்டை என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். கிளாஸ் லேமினேஷன் அரக்கை ஆழமாக்கும். மேட் அதைச் சாம்பல் பூத்தாற்போல் வெளிறவைக்கும். இதில் நானே சூடு பட்டிருக்கிறேன். மெஷினிலிருந்து ஈரமாக வந்த ஷீட்டைப் பார்த்து, அடடா என்று கையெழுத்துப் போட்டேன். மை காய்ந்து, மேட் ஃபிலிமும் ஏறிய பிறகு வந்தது பழைய செங்கல். ஆஃப்செட் மை ஈரத்தில் பளிச்சென்றுதான் இருக்கும்; காய்ந்தால் ஒரு படி இறங்கும்.

அதனால் காய்ந்து, லேமினேட் ஆன ஷீட்டில்தான் கையெழுத்துப் போடவேண்டும். சரியான நிறத்தில் ஒன்று, நீங்கள் பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவுக்கு வெளிறியது ஒன்று, அடர்ந்தது ஒன்று என மூன்று ஷீட் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். ஒரு செட் பிரஸ்ஸில், ஒரு செட் உங்கள் வீட்டு பீரோவில், வெளிச்சம் படாத கவருக்குள். பிரஸ்ஸில் நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவி இருந்தால் டெல்டா ஈ, அதாவது மாதிரிக்கும் அச்சுக்கும் உள்ள நிற வித்தியாசம், 2-க்குள் வேண்டும் என்று கேட்கலாம். இல்லாவிட்டால் கண்ணே போதும், ஆனால் வெளிச்சம் ஒன்றாக இருக்கவேண்டும். அச்சுத் துறையில் பகல் வெளிச்சம் மாதிரியான 5000 கெல்வின் விளக்கில் பார்ப்பார்கள். உங்களுக்கு வளவு முற்றம் இருக்கிறதே; வெயில் நேரே விழாத காலை நேரத்தில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் போட்டோவை வைத்து ஓகே சொல்லவே கூடாது.

பவுச்சும் அடிக்கிற எண்ணம் இருந்தால் அது வேறு கதை. ஃபிலிமில் கிராவ்யூர் அச்சு (குழி வெட்டிய உருளையால் அடிப்பது), அடியில் வெள்ளை மை என்று எல்லாமே மாறும். அதற்குத் தனியாக ஒரு ஒப்புதல் மாதிரி வையுங்கள்.

சரி, கையில் இருக்கும் பெட்டிகளை என்ன செய்வது? தூக்கிப் போடவேண்டாம். காவிப் பெட்டி முழுவதையும் தேன்குழலுக்கும், பீட்ரூட்டைச் சீப்புச் சீடைக்கும் ஒதுக்கி ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். வாங்குபவர்கள் பலகாரத்துக்கு ஒரு நிறம் என்று எடுத்துக்கொள்வார்கள்.