நாலு ஆக்ஸலாட்டில், இரண்டடித் தொட்டி

கேள்வி: ஐயா, உடுமலைப்பேட்டை பக்கம் தென்னையும் நாலு மாடும் வைத்திருக்கிறேன். மகள் அடம்பிடித்ததால், ஆக்ஸலாட்டில் என்கிற, தண்ணீரிலேயே வாழும், தவளைக்கு உறவான நாலுகால் பிராணியின் குஞ்சு நாலு வாங்கினோம். மூன்று அங்குலம் இருக்கும். கடைக்காரர் இரண்டடித் தொட்டி, வண்ணக் கல், லைட் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார். பத்தே நாளில் ஒன்றுக்கு முன்னங்காலைக் காணோம். தொட்டி பற்றவில்லையா? நாலும் ஒன்றாக இருக்க எத்தனை அடி தொட்டி வாங்கலாம்? மண்புழு உரத் தொட்டியில் உள்ள புழுவைத் தீனியாகப் போடலாமா?

பதில்: மகளை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். கால் திரும்ப முளைத்துவிடும். இந்த வயதில் எதிரே அசைவதையெல்லாம் அவை கவ்வும், கூடப் பிறந்ததன் கால் என்று பார்க்காது. பெரிய தொட்டி வாங்கினால் மட்டும் இது நிற்காது. இன்றைக்கே ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் டப்பில் விட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் முறிக்கும் மருந்து சேர்க்க வேண்டும். அரை அடி வளர்ந்த பிறகு, ஒரே அளவில் இருப்பவற்றை மட்டும் சேருங்கள்.

அப்போது நாலுக்கும் சேர்த்து நாலடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி போதும். தண்ணீர் மட்டுமே 300 கிலோ வரும், வீட்டு மேசை தாங்காது. உயரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், இது தரையில் நடக்கிற பிராணி. வளர்ந்தால் முக்கால் அடி முதல் ஓரடி வரை வரும். இரண்டடித் தொட்டியில் ஒன்றைக்கூட நான் வைக்க மாட்டேன். தொட்டியை இப்போதே வாங்கி, ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிடுங்கள். கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும், குஞ்சுகள் வளர்வதற்குள் தொட்டி தயாராகிவிடும்.

சரி, நீங்கள் கேட்காமல் விட்டதற்கு வருகிறேன். சித்திரை மாதம் உங்கள் வீட்டில் தொட்டித் தண்ணீர் எத்தனை டிகிரி இருக்கும்? 30-க்குக் குறையாது. இந்தப் பிராணியின் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சோச்சிமில்கோ ஏரிப் பகுதி, கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். நம் ஊட்டியும் அந்த உயரம்தான். 16 முதல் 18 டிகிரி வரைதான் அதற்குச் சுகம். 24-ஐத் தாண்டி நின்றால் தீனி எடுக்காது, செவுளில் பஞ்சு மாதிரி பூஞ்சை பிடிக்கும், அப்புறம் ஒவ்வொன்றாகப் போகும். நீர்ப்பரப்பில் ஃபேன் வைத்தால் பானைத் தண்ணீர் மாதிரி இரண்டு மூன்று டிகிரி இறங்கும். உங்கள் ஊருக்கு அது போதாது. ஐஸ் பாட்டில் கரண்ட் போன அன்றைக்கு மட்டும்தான். தினம் போட்டால் வெப்பம் ஏறி ஏறி இறங்கும், அதுவே அதற்குச் சங்கடம். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வேண்டும், இல்லையென்றால் நாள் முழுக்க ஏசி ஓடும் அறை வேண்டும். தொட்டியைவிடச் சில்லர் விலை கூடுதல் என்பதும் தெரிந்துதான் சொல்கிறேன். இரண்டுக்கும் வழியில்லாதவர் ஆக்ஸலாட்டில் வளர்க்கவே வேண்டாம் என்பது என் கட்சி, கேட்கிறவர்களுக்குக் கோபம் வந்தாலும்.

கடைக்காரர் இதைச் சொல்லாமல் உங்களுக்கு வண்ணக் கல் விற்றிருக்கிறார். இது வாயைத் திறந்து தீனியைத் தண்ணீரோடு உறிஞ்சும், கல்லும் கூடவே போய்க் குடலை அடைக்கும். கல்லை ரோஜாத் தொட்டியில் கொட்டுங்கள், தொட்டித் தரை வெறுமையாகவே இருக்கட்டும். இதற்கு இமை கிடையாது, லைட்டும் வேண்டாம். தோட்டத்தில் மிஞ்சிய நாலங்குல பிவிசி பைப்பை முனை தேய்த்து, ஆளுக்கொரு துண்டு போட்டால் ஒளிந்துகொள்ளும். அழகுக்கு என்று மீன் விடாதீர்கள், செவுளைக் கடிக்கும்.

மண்புழு நல்ல தீனி. ஆனால் உரத் தொட்டியில் இருப்பது சின்னச் சிவப்புப் புழுவானால் கசப்பு, பல சமயம் துப்பிவிடும். பெரிய ஆப்பிரிக்கப் புழு என்றால் குஞ்சு விழுங்கும் அளவுக்கு நறுக்கிப் போடுங்கள். குருணை மருந்து போட்ட மண்ணிலிருந்து ஒரு புழுகூட எடுக்கக் கூடாது.

கடைசியாக, பில் இருக்கிறதா? ஆக்ஸலாட்டில், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, இப்படிப்பட்டவற்றை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். கடைக்காரரிடம் காகிதம் கேளுங்கள். ‘மீனுக்கெல்லாம் எதுக்குங்க’ என்பார். இது மீனே இல்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள்.