வாரண்டி முடிந்த பிறகு டைமிங் செயின் போனால் யார் பொறுப்பு?

கேள்வி: புதிதாக வாங்கிய பெட்ரோல் கார், மூன்று வருட வாரண்டி. இரண்டாம் வருடத்திலேயே காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி கடகடவென்று சத்தம் வரும். சர்வீஸில் சொன்னபோது "இந்த என்ஜினுக்கு நார்மல்தான்" என்றார்கள். வாரண்டி முடிந்து நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் நின்றுவிட்டது. டைமிங் செயின் பல் தாண்டி வால்வுகள் வளைந்துவிட்டன, முழுச் செலவும் நான்தான் தர வேண்டும் என்கிறார்கள். ஒருமுறை வெளியே ஆயில் மாற்றியதையும் காரணம் காட்டுகிறார்கள். வழக்குப் போட்டால் நிற்குமா?

பதில்: நிற்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் "செயின் அறுந்துபோச்சு, காசு கொடு" என்று போனால் நிற்காது, ஏனென்றால் அது நடந்தது வாரண்டிக்கு வெளியே. உங்கள் வழக்கு அந்தச் சத்தத்தில் இருக்கிறது. வாரண்டி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு குறையைச் சொன்னீர்கள், அவர்கள் அதைப் பிரித்துப் பார்க்காமல் திருப்பி அனுப்பினார்கள், அதே குறைதான் இப்போது என்ஜினைச் சாப்பிட்டிருக்கிறது. இந்தக் கோர்வையைக் காகிதத்தில் காட்ட முடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

அதனால் அந்தப் பழைய ஜாப் கார்டை, அதாவது சர்வீஸுக்கு விடும்போது உங்கள் புகார்களை எழுதித் தரும் சீட்டை, தேடி எடுங்கள். அதில் "ஸ்டார்ட் செய்யும்போது சத்தம்" என்று ஒரே ஒரு வரி இருந்தாலும் போதும், தேதியும் கிலோமீட்டரும் கூடவே இருக்கும். வாயால் சொன்னேன், அட்வைசர் எழுதவில்லை என்றால் அன்றைய வாட்ஸ்அப், மின்னஞ்சல், கஸ்டமர் கேர் புகார் எண் என்று எது கிடைக்கிறதோ அதைப் பிடியுங்கள். சர்வீஸ் அட்வைசர்கள் வாடிக்கையாளர் சொல்வதையெல்லாம் "ஜெனரல் செக்கப்" என்ற ஒரே வார்த்தையில் அடக்கிவிடுவார்கள், கையெழுத்துப் போடும் முன் நாம் அதைப் படிப்பதும் இல்லை.

அந்தச் சத்தம் ஏன் முக்கியம் என்பதை நுகர்வோர் ஆணையத்துக்கு நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும், அதனால் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. இந்தக் கணக்கைக் காப்பாற்றுவது செயின். அதை இறுக்கிப் பிடிப்பது டென்ஷனர், பெரும்பாலும் என்ஜின் ஆயிலின் அழுத்தத்தில்தான் அது வேலை செய்கிறது. செயின் நீண்டுவிட்டது என்று மெக்கானிக் சொல்வது, இரும்பு இழுபட்டதால் அல்ல. நூற்றுக்கும் மேல் இருக்கும் இணைப்புகளில் ஒவ்வொரு பின்னும் புஷ்ஷும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, மொத்தமாகச் சேரும்போது செயின் தளர்ந்துவிடுகிறது. இரவெல்லாம் நின்ற காரில் ஆயில் அழுத்தம் ஏறும்வரை அந்தத் தளர்ந்த செயின், அதைத் தடம் மாறாமல் பிடிக்கும் கைடு மேல் அடிக்கும். ஒரு நொடி சத்தம் சில என்ஜின்களில் சகஜம்தான், எதிர்த்தரப்பு வக்கீல் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். பல நொடி நீடித்து, நாள்போக்கில் கூடிக்கொண்டே போனால் அது சகஜம் இல்லை, பார்த்திருக்க வேண்டிய அறிகுறி. செயின் ஒரு கட்டத்தில் தன் பல்சக்கரத்தில் பல் தாண்டினால், உங்கள் காரில் நடந்த மாதிரி பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு திறந்தே இருக்கும். அப்புறம் வளையாமல் என்ன செய்யும்?

இப்போது உடனே செய்ய வேண்டியது: என்ஜினைப் பிரிக்க வெறும் சம்மதக் கையெழுத்துப் போடாதீர்கள். "என் முன்னிலையில் பிரிக்கலாம், ஒவ்வொரு கட்டத்திலும் புகைப்படம் எடுக்க வேண்டும், கழற்றிய செயின், டென்ஷனர், கைடு, வடிகட்டிய ஆயிலில் ஒரு பாட்டில் எல்லாம் என்னிடம் தர வேண்டும்" என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு அப்புறம் பிரிக்கச் சொல்லுங்கள். பிரிப்பதற்கு முன் காரின் கணினியில் பதிவான கோளாறுகளைக் காட்டும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கேளுங்கள். கிராங்குக்கும் கேமுக்கும் பொருத்தம் தப்பியதைக் காட்டும் பி0016 போன்ற கோளாறுக் குறியீடு பதிவாகியிருந்தால் நல்ல ஆதாரம், பழைய சர்வீஸ் ஸ்கேனிலேயே அது இருந்தால் இன்னும் நல்லது. டென்ஷனரின் கம்பி எவ்வளவு வெளியே வந்திருக்கிறது, கைடின் பிளாஸ்டிக் உடைந்து என்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியில் கிடக்கிறதா என்பதெல்லாம் இது நேற்று வந்த கோளாறா, வெகுநாளாக வளர்ந்ததா என்று சொல்லிவிடும். இந்தப் பாகங்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டால் உங்கள் வழக்கும் கூடவே போய்விடும்.

அடுத்து ஆயில் விஷயம். உங்கள் தரப்பில் பலவீனமான இடம் இதுதான், மறைக்கப் பார்க்காதீர்கள். ஆயில் குறைந்தோ கசடு கட்டியோ இருந்தால் டென்ஷனருக்குப் போகும் சின்னத் துளை அடைபடும், செயின் பின்கள் சீக்கிரம் தேயும், அது உண்மை. ஆனால் வெளியே மாற்றினீர்கள் என்பது மட்டும் காரணமாகிவிடாது. உரிமையாளர் கையேடு சொன்ன கிரேடுதான் ஊற்றப்பட்டது, சொன்ன இடைவெளிக்குள்தான் மாற்றப்பட்டது என்று பில் காட்டினால், அந்த ஆயிலால்தான் செயின் போனது என்று அவர்கள் நிரூபிக்கட்டும். பில் இல்லை, இடைவெளியும் பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது என்றால், நிவாரணம் குறையும் என்று எதிர்பார்த்தே போங்கள்.

"செயின் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது" என்றும் சொல்வார்கள். வாரண்டி புத்தகத்தில் தேய்மானப் பட்டியலைப் பாருங்கள். பிரேக் பேட், கிளட்ச், வைப்பர் இருக்கும், செயின் இருக்கிறதா? டைமிங் பெல்ட்டுக்கு இத்தனை கிலோமீட்டரில் மாற்று என்று சொல்லும் கையேடுகள் பல, செயினுக்கு எதுவும் சொல்வதில்லை. என்ஜின் ஆயுள்வரை உழைக்கும் என்று கருதித்தான் அப்படி விட்டார்கள், அதை அவர்களுக்கு எதிராகவே வையுங்கள்.

சட்டம் என்று பார்த்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 போதும். பொருளின் தரக்குறைவு ஒன்று, சேவைக் குறைபாடு இன்னொன்று, இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். தெரிந்த தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடு என்று பிரிவு 2(11) சொல்கிறது. உங்கள் என்ஜினுக்கு டென்ஷனர் பற்றி நிறுவனம் உள்சுற்றறிக்கை ஏதாவது அனுப்பியிருந்தால் அதை ஆணையம் மூலமாக வரவழைக்கலாம். டீலரையும் தயாரிப்பாளரையும் இருவரையுமே எதிர்த்தரப்பாக்குங்கள், ஒருவரை விட்டால் மற்றவர் விட்டவர்மேல் பழி போடுவார். தேவைப்பட்டால் பிரிவு 38-ன்படி பாகங்களை ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்கலாம். வழக்கை நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே தொடரலாம், வக்கீல் கட்டாயம் இல்லை (என் தொழிலுக்கு விரோதமாகத்தான் சொல்கிறேன்).

புது கார் கேட்காதீர்கள். மாற்றக்கூடிய பாகத்தில் குறை இருந்தால் வாரண்டியின்படி அந்தப் பாகத்தைத்தான் மாற்ற வேண்டும், முழு வண்டியை அல்ல என்று 2006-ல் மாருதி உத்யோக் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என்ஜின் பழுதுச் செலவு, கார் இல்லாத நாட்களின் போக்குவரத்துச் செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு, இவ்வளவு கேட்டால் நியாயமாகத் தெரியும்.

இதே என்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இதே தொல்லை இருந்தால் தேடிப் பாருங்கள். அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களின் டென்ஷனர் பிரச்சினை உரிமையாளர்கள் கூட்டாகப் போட்ட வழக்காகி, 2018-ல் நியூ ஜெர்சி நீதிமன்றத்தில் சமரசத்தில் முடிந்தது. இங்கேயும் ஒரே குறை உள்ள பலர் சேர்ந்து ஆணையத்தின் அனுமதியோடு புகார் கொடுக்க பிரிவு 35 இடம் தருகிறது.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்து, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். வழக்குத் தொடர இரண்டு வருடம் இருக்கிறது, ஆனால் அது எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கியது என்பதில் எதிர்த்தரப்பு சத்தம் வந்த தேதியைப் பிடித்துக்கொள்ளக்கூடும், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.