அட்வென்ட் வளையம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் வந்து இரண்டாவது குளிர்காலம். கிண்டர்கார்டனில் பார்த்துவிட்டு, நம் வீட்டிலும் அட்வென்ட் வளையம் வேண்டும் என்கிறாள் மகள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளில் வாரம் ஒன்று கூடுதலாக மெழுகுவர்த்தி ஏற்றும் பச்சைக் கிளை வளையம்தான் அது. போன வருடம் கடையில் வாங்கியது மூன்றாம் ஞாயிறுக்குள் காய்ந்து கொட்டிவிட்டது. நானே கட்டலாமா? நாங்கள் இந்துக்கள், யாராவது தவறாக நினைப்பார்களா?

ஸ்டுட்கார்ட் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகக் கட்டுங்கள், பக்கத்து வீட்டார் சந்தோஷப்படத்தான் செய்வார்கள். 1839இல் ஹாம்பர்க்கில் காப்பகம் நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விஹர்ன் என்ற இறையியலாளர், "கிறிஸ்துமஸ் எப்போ?" என்று தினமும் நச்சரித்த பிள்ளைகளுக்காக வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகள் நட்டு நாள் எண்ண வைத்தார். பிள்ளைகளுக்காகவே வந்த வழக்கம் இது.

முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். அதற்கு முந்தின நாள் கட்டினால் போதும். முன்கூட்டியே கட்டினால் முன்கூட்டியே காயும்.

30 செ.மீ. வைக்கோல் வளையம், மெல்லிய கட்டுக்கம்பி, நார்ட்மன் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தின் கிளைகள் வாங்குங்கள். ஸ்ப்ரூஸ் என்ற இன்னொரு ஊசியிலை மரம் வேண்டாம், ஹீட்டர் ஓடும் அறையில் அது சீக்கிரம் உதிரும். கிளைகளை 10-12 செ.மீ. நறுக்கி, மூன்று நான்காகச் சேர்த்துக் காம்பின்மேல் கம்பியைச் சுற்றுங்கள். அடுத்த கொத்து முந்தின காம்பை மறைக்க வேண்டும். மல்லிகை கட்டிய கைக்கு இது உடனே பிடிபடும். ஆனால் பூவுக்குக் கட்டுவதுபோல் மென்மையாகக் கட்டாதீர்கள், கம்பியை நன்றாக இழுத்துச் சுற்றுங்கள். காம்பு காயும்போது சுருங்கும், கட்டு தளர்ந்துவிடும். அடிப்பக்கம் வெறுமனே இருக்கட்டும், அப்போதுதான் தட்டையாக உட்காரும்.

மெழுகுவர்த்திக்கு முள் வைத்த உலோகத் தட்டு கிடைக்கும். முள்ளைச் சுடரில் காட்டிச் சூடாக்கி மெழுகில் இறக்குங்கள். சூடாக்காமல் குத்தினால் மெழுகு விரிசல் விடும். நான்கும் ஒரே உயரத்தில் இருந்தால் போதும். முதல் வர்த்தி நான்கு ஞாயிறும் எரியும், நான்காவது ஒன்றே ஒன்று. அந்தப் படிக்கட்டைப் பார்த்தே குழந்தை நாள் எண்ணுவாள்.

இரவில் பால்கனியில் வைத்து லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். நான்காம் ஞாயிறுதான் ஆபத்து: இலை காய்ந்திருக்கும், முதல் வர்த்தியின் சுடர் இலைக்குப் பக்கத்தில் இறங்கியிருக்கும். 3 செ.மீ. மிஞ்சும்போதே அதை அணைத்துவிடுங்கள். எரியும்போது ஒரு பெரியவர் அந்த அறையிலேயே இருக்க வேண்டும்.

டிசம்பர் 6 புனித நிக்கோலஸ் நாள், பிள்ளைகளின் பூட்ஸில் பரிசு வைப்பது இங்கே வழக்கம். அதனால் டிசம்பர் 5 இரவு மகளின் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைக்கச் சொல்லுங்கள். விடிவதற்குள் அதில் ஆரஞ்சும் சாக்லேட்டும் இருக்கட்டும். மறுநாள் கிண்டர்கார்டனில் அதுதான் பேச்சு. 24ஆம் தேதி மதியத்தோடு கடை மூடிவிடும், 25, 26 இரண்டும் விடுமுறை. பாலும் தயிரும் 23ஆம் தேதியே வாங்கிவிடுங்கள்.