வாசகர் கேள்வி பதில்: சூழலைக் காக்கும் பெண்களுக்குக் கூலி உண்டா?

கேள்வி: எங்கள் தெருப் பெண்கள் ஒன்றுகூடி ஏரிக்கரையில் மரம் நடும் குழு ஒன்றைத் தொடங்கினோம். மழைக்காலத்தில் இருந்த உற்சாகம் கோடைக்குள் வடிந்துவிட்டது; நட்ட கன்றுகளில் பாதி காய்ந்துபோயின. இத்தகைய குழுக்கள் நிலைத்து நிற்க என்ன வழி?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மரம் நடுவதில் உலகமே திரும்பிப் பார்த்த ஒரு பெண்கள் இயக்கத்தின் கதை உங்களுக்குப் பயன்படும். கென்யாவின் வங்காரி மாத்தாய் 1977-இல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கியபோது, கிராமப் பெண்களிடம் புவியின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசவில்லை. விறகுக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கிறது, ஓடைகள் வற்றிவிட்டன, பிள்ளைகளுக்குச் சத்தான உணவில்லை என்று அவர்களே சொன்ன குறைகளிலிருந்துதான் அவர் தொடங்கினார். பயிற்சி பெற்ற வனத்துறையினருக்கே உரிய வேலை இது என்று அதிகாரிகள் தயங்கியபோது, அந்தப் பெண்கள் அக்கம்பக்கத்து மரங்களின் விதைகளைப் பொறுக்கி, உடைந்த பானைகளில் நாற்றங்கால் போட்டுத் தாங்களே கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்குச் சிறு தொகை ஒன்றும் வழங்கப்பட்டது. நட்ட கன்றுக்கு அது கிடைக்காது. பிழைத்த கன்றுக்குத்தான் கிடைக்கும். தொகை அற்பமானதுதான். ஆயினும் கோடையில் குடத்தைச் சுமந்துபோய்த் தண்ணீர் ஊற்றுவதற்கு அது ஒரு காரணமாயிற்று. தன் பெயரில் வருமானமே இல்லாதிருந்த பெண்ணின் கையில் அது காசாகவும் இருந்தது. அந்த இயக்கத்தின் வழியே 5 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் நடப்பட்டிருக்கின்றன. மாத்தாய்க்கு 2004-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டிலேயே அசாமில் இன்னொரு சான்று இருக்கிறது. ஹர்கிலா என்னும் ஐந்தடி உயர நாரை, செத்த விலங்குகளையும் குப்பைமேட்டுக் கழிவையும் தின்பது. அதன் கூட்டுக்குக் கீழே நாற்றம் தாங்காது. அதனால் காமரூப் மாவட்டத்தின் தாதரா, பச்சாரியா, சிங்கிமாரி ஊர்களில் வீட்டுக்காரர்கள் கூடுகள் இருந்த மரங்களை வெட்டிவந்தார்கள். அந்தப் பறவையைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்த பூர்ணிமா தேவி பர்மன், குஞ்சுகளோடு மரம் சாய்க்கப்பட்டதைக் கண்டபின், முனைவர் பட்டத்தை ஒத்திவைத்துவிட்டு ஊர்ப் பெண்களிடம் சென்றார். அவர்கள் கூடும் சமையல் போட்டிகளிலும் பஜனைகளிலும் பறவையைப் பற்றிய பேச்சு நுழைந்தது. முட்டையிடும் காலத்தில் பறவைக்கே வளைகாப்பு நடத்தினார்கள். அதோடு நின்றிருந்தால் திருவிழா முடிந்ததும் எல்லாரும் கலைந்திருப்பார்கள். தறியும் நூலும் வந்தன. ஹர்கிலா உருவம் நெய்த மேகலா சாதர் என்னும் அசாமியப் பெண்களின் உடையும் கமோசா என்னும் துண்டும் விற்பனைக்குப் போயின. பறவை இருந்தால்தான் அந்தத் துணிக்குப் பெயர் என்ற நிலை உருவாயிற்று. இன்று 10,000-க்கும் மேற்பட்ட பெண்கள் தங்களை ஹர்கிலா படை என்று அழைத்துக்கொள்கிறார்கள். அந்த மூன்று ஊர்களில் 28-ஆக இருந்த கூடுகள் 250-ஐத் தாண்டின. 2022-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு பர்மனுக்கு ‘புவியின் காவலர்’ விருதை வழங்கியது.

உங்கள் குழுவுக்கு நான் சொல்வது இதுதான்: கோடையில் தண்ணீர் ஊற்றும் பெண்ணுக்கு அந்த உழைப்பால் என்ன கிடைக்கிறது என்பதை முதலில் பேசுங்கள். அரசின் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் நாற்றங்காலும் மரம் வளர்ப்பும் நடந்த ஊராட்சிகள் உண்டு. உங்கள் கிராம சபைக் கூட்டத்தில் அதை எழுத்து மூலம் கேளுங்கள். காய்ந்த கன்றுகளுக்காக வருந்த வேண்டாம். மழைக்காலத்தில் நட்டுவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போகும் பெரிய அமைப்புகளின் கன்றுகளும் கோடையில் காய்கின்றன.

கேள்வி: மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களால் பவளப்பாறைகள் அழிகின்றன என்று படித்தேன். அவர்களைத் தடுப்பதுதானே சூழல் பாதுகாப்பு?
– வாசகர், மதுரை

பதில்: தடுத்துப் பார்த்தாயிற்று. 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடற்பரப்பு 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், தலைமுறைகளாக அங்கே மூழ்கிப் பாசி எடுத்துவந்த ராமநாதபுரம் மாவட்டப் பெண்கள் தங்கள் கடலிலேயே அத்துமீறியவர்கள் ஆனார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, பாறையிலிருந்து பாசியைக் கொய்யும் வேலை அது. அகர் என்னும் கூழ்ப்பொருளை எடுக்கவும் மருந்து, உணவுத் தொழில்களுக்கும் அந்தப் பாசி போகிறது. விலையை நிர்ணயிப்பதோ வாங்குபவர்தான்.

அந்தப் பெண்கள் சங்கமாகத் திரண்டு, தாங்களே சில கட்டுப்பாடுகளை வகுத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது, பாறையைச் சுரண்டும் உலோகக் கருவிகளைக் கைவிடுவது, மீன்பிடித் தடைக்காலத்தில் தாங்களும் நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி இதற்காக 2015-இல் தீவுச் சூழல்களைக் காக்கும் சீக்காலஜி அமைப்பின் பரிசைப் பெற்றார். கடலுக்குள் அன்றாடம் மூழ்கும் கண்களுக்குத் தெரியாத எந்த அழிவும் கரையில் உள்ள அலுவலகத்துக்குத் தெரிந்துவிடப் போவதில்லை. ஆகவே காவலை அவர்களோடு சேர்ந்து செய்வதே அறிவுடைமை என்பது என் உறுதியான கருத்து.

கடலில் மூழ்கிப் பாசி எடுப்பதற்கு மாற்றாக, மிதவைகளில் கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசியை வளர்க்கும் தொழில் மகளிர் குழுக்களிடம் கொண்டுசெல்லப்பட்டது. வருமானம் வந்தது. ஆனால் குருசடைத் தீவருகே அந்தப் பாசி பவளப்பாறைகளின் மீது படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பெண்களுக்கு வேலை தருகிறது என்பதாலேயே ஒரு திட்டம் கடலுக்கும் நல்லதாகிவிடாது.

கேள்வி: குப்பை பிரிப்பது, துணிப்பை தைப்பது, மாடித்தோட்டம் போடுவது என்று எல்லாமே பெண்கள் தலையில்தான் விழுகிறது. இதுவும் சுமைதானே?
– வாசகி, சென்னை

பதில்: ஆம், சுமைதான். கூலியும் முடிவெடுக்கும் உரிமையும் இல்லாத இடத்தில் சூழல் பற்று என்ற பெயரில் இன்னொரு வீட்டுவேலை சேர்கிறது. புனே நகரின் குப்பை பொறுக்கும் பெண்கள் வேறு வழியில் சென்றார்கள். 1993-இல் அவர்கள் தொழிற்சங்கம் அமைத்து, தங்கள் வேலையால் நகரத்துக்கு மிச்சமாகும் செலவைக் கணக்கிட்டுக் காட்டி, மாநகராட்சியிடம் அடையாள அட்டையும் பிறகு மருத்துவக் காப்பீடும் பெற்றார்கள். 2008-இல் தாங்களே உரிமையாளர்களாக ‘ஸ்வச்’ கூட்டுறவைத் தொடங்கி, வீடுதோறும் சென்று தரம் பிரித்த குப்பையைப் பெற்று, வீட்டாரிடம் மாதக் கட்டணமும் வாங்குகிறார்கள். அக்கூட்டுறவில் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள்; பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்கள். உங்கள் குடியிருப்பில் குப்பையைப் பிரிக்கும் பொறுப்பை ஆண்களும் ஏற்க வேண்டும் என்பதைச் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாகவே கொண்டுவரலாம்.

கேள்வி: என் மகள் விலங்கியல் பட்டம் முடிக்கப் போகிறாள். சூழலியல் படித்தால் வேலை கிடைக்காது, சமூக சேவைதான் செய்ய வேண்டும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்களுக்கு அருகிலேயே, மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வன உயிரியல் முதுகலைப் படிப்பு இருக்கிறது; கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. 1980 முதல் பெண்கள் இந்திய வனப்பணியில் சேர்ந்துவருகிறார்கள். விலங்கியல் பட்டதாரிகள் அத்தேர்வை எழுதலாம். அரசுப் பணி தவிர, மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி பெரிய திட்டங்களுக்கு, அவை சூழலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே கணிக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமாகிறது. அதைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்குச் சூழலியல், பல்லுயிர் வல்லுநர்கள் தேவை. சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையங்களின் ஆய்வகங்களிலும் வேலை உண்டு. ஆராய்ச்சித் திட்டங்களில் கிடைக்கும் பணி பெரும்பாலும் தற்காலிகமானது, உதவித்தொகையும் குறைவு என்பதை மகளிடம் மறைக்காதீர்கள்.

உறவினர்களிடம் ஜானகி அம்மாளைப் பற்றிச் சொல்லுங்கள். தலச்சேரியில் 1897-இல் பிறந்து, சென்னையில் படித்து, 1931-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற தாவரவியலாளர் அவர். எண்பதைக் கடந்த வயதிலும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு (சைலன்ட் வேலி) அணைத்திட்டத்தை எதிர்த்து, அங்குள்ள தாவரங்களின் குரோமோசோம்களைப் பதிவு செய்யும் பணியில் இறங்கினார். மகள் மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தால், தான் களத்தில் கண்டதை அறிக்கையில் மாற்றாமல் எழுத அனுமதிப்பார்களா என்பதை, சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே கேட்கச் சொல்லுங்கள்.