மலைச்சரிவு வீட்டில் ஃபேன் இல்லாமல் காற்று வருமா?

நாகமலை அடிவாரம் போன்ற சரிவான இடத்தில் கட்டும் வீட்டுக்கு இயற்கைக் காற்றோட்டம் போதுமா என்பது கேள்வி.

மின்சாரம் இல்லாமல் காற்று தானாக உள்ளே வந்து வெளியே போவதுதான் இயற்கைக் காற்றோட்டம். சரிவில் இதற்குக் கூடுதல் வசதி உண்டு. பகலில் வெயில்பட்ட சரிவை ஒட்டிய காற்று சூடேறி, லேசாகி மேலே ஏறும். இரவில் சரிவு குளிர்ந்ததும் அதே காற்று கனத்து, வாய்க்கால் தண்ணீர் மாதிரி கீழே வழியும். மலைப்பக்கம் ஒரு ஜன்னல், பள்ளத்துப் பக்கம் ஒரு ஜன்னல் இருந்தால் இரண்டு ஓட்டமும் வீட்டுக்குள் புகுந்து போகும். பாம்புக்குப் பயந்து மலைப்பக்கத்தை அடைத்தே கட்டிவிடுகிறார்கள். நெருக்கமான கம்பிவலை அடித்தால் போதுமே!

சரி, காற்று பட்டால் ஏன் குளிர்கிறது? வியர்வை ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காபியை ஊதிக் குடிப்பதும் இதே கதைதான். அப்புறம், கூரையை ஒட்டி வென்டிலேட்டர் வையுங்கள். மேலே தேங்கும் சூடு அதன் வழியாக வெளியேறும்.

எந்நேரமும் ஜன்னலைத் திறந்து வைத்தால் வீடு குளிரும் என்று பலர் நினைக்கிறார்கள். சித்திரை மதியத்தில் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது உள்ளே வருவது அனல். அப்போது சாத்திவிட்டு, இருட்டியபின் திறங்கள்.